ஐந்து மீட்டர்ச் சதுரம்: சுற்றளவு வேறு, பரப்பளவு வேறு

சதுரத்தின் சுற்றளவு அதன் பக்கத்தைப் போல் நான்கு மடங்கு. அதன் பரப்பளவு பக்கத்தைப் பக்கத்தாலேயே பெருக்கி வருவது. ஆரம்பப் பள்ளியைக் கடந்த எவரும் இவ்விரு விதிகளையும் தடையின்றி ஒப்புவிப்பர். அத்துணை எளியவை என்பதனாலேயே, ஆசிரியர் இவற்றை ஒரே நாளில் கற்பித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார். கள ஊழியருக்குப் பயிற்சி அளிப்போரோ, இதனைச் சொல்லவும் வேண்டுமோ என்று விட்டுவிடுகின்றனர். இவ்விரு வழக்கங்களும் மாற்றத்தக்கவை. சுற்றளவும் பரப்பளவும் ஒரே பாடத்தின் இரு வாய்பாடுகள் அல்ல. அவை இரு வேறு பொருள்கள். முன்னதில் நேரும் சிறு பிழைக்குப் பின்னது பெரிய விலை கொடுக்கிறது. அவ்விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் அளந்தவர் அல்லர், வயலுக்குரிய உழவரே.

ஒரு சதுரமும் அதன் பொறுப்பும்

இதற்குத் தக்க சான்று பயிர் அறுவடைப் பரிசோதனையாகும். இந்நாடு முழுவதும் ஒவ்வொரு பருவத்திலும் இப்பரிசோதனை நடைபெறுகிறது. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முதலில் கிராமமும், பின்னர் அக்கிராமத்தில் வயலும் தெரிந்தெடுக்கப்படுகின்றன. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, மீண்டும் சமவாய்ப்பு எண்களின்படி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் சென்று, ஓரிடத்தில் முதல் முளை அடிக்கப்படுகிறது. அம்முளையை ஒரு மூலையாகக் கொண்டு, பெரும்பாலான மாநிலங்களில் பெரும்பாலான பயிர்களுக்கு, 5 மீட்டர்ப் பக்கமுள்ள சதுரம் ஒன்று கயிற்றால் குறிக்கப்படுகிறது. அதனுள் நிற்கும் பயிர் மட்டும் அறுக்கப்பட்டு, கதிரடித்துத் தூற்றி, எடை காணப்படுகிறது.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 25 சதுர மீட்டர்த் துண்டுகள் 400 அடங்கும். ஆதலின் துண்டில் கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குரிய விளைச்சல் வந்துவிடுகிறது. பெருக்கல் எளிது, அதன் பொறுப்போ பெரிது. துண்டில் 100 கிராம் தானியம் மிகுந்தால், ஹெக்டேர்க் கணக்கில் 40 கிலோகிராம் மிகும். ஒரு கிலோகிராம் மிகுந்தால் 400 கிலோகிராம் மிகும். கை நிறையத் தானியத்தின் வேறுபாடு, ஏட்டில் ஒரு மூட்டையின் வேறுபாடாகிவிடுகிறது.

இவ்வெடைகளிலிருந்தே முக்கியப் பயிர்களின் விளைச்சல் மதிப்பீடுகள் உருவாகின்றன. 2016-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திற்குப் பின்னர் இவற்றின் பொறுப்பு இன்னும் கூடிற்று. அத்திட்டத்தின்படி முக்கியப் பயிர்களுக்குக் கிராமப் பஞ்சாயத்து அளவிலான ஓர் அலகில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் செய்யப்படவேண்டும். நான்கு சதுரங்கள் சேர்ந்து 100 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். ஒரு பஞ்சாயத்தில் காப்பீடு செய்துகொண்ட உழவர் அனைவருக்கும் இழப்பீடு உண்டா, இல்லையா, உண்டெனில் எவ்வளவு என்பதனைப் பெரிதும் தீர்மானிப்பது இச்சிறு நிலமே.

பிழை புகும் இடம்

வயலில் நிற்கும் ஊழியரின் கையில் நாடாவும் கயிறும் முளைகளும் உள்ளன. இவற்றுள் எதுவும் பரப்பை அளப்பதில்லை. யாவும் நீளத்தையே அளக்கின்றன. சதுரத்தின் எல்லையை மட்டுமே மனிதன் கையால் தொட்டு அளக்கிறான். பரப்பளவை அதிலிருந்து ஊகித்துக் கொள்கிறான். ஆகவே பிழைகள் யாவும் சுற்றளவில் புகுகின்றன. விளைவுகள் யாவும் பரப்பளவில் வெளிப்படுகின்றன. அப்பிழைகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, பக்கத்தின் நீளத்தில் நேர்வது. நைலான் கயிறு இழுக்க நீளும்; தென்னை நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும். 5 மீட்டர் எனக் குறியிட்ட கயிறு இழுப்பினால் 5.10 மீட்டராயிற்று என்று கொள்வோம். பக்கத்தில் நேர்ந்த பிழை நூற்றுக்கு 2. பரப்போ 5.10-ஐ 5.10-ஆல் பெருக்க 26.01 சதுர மீட்டராகிறது. பிழை நூற்றுக்கு 4-க்குச் சற்று மேல். இதன் காரணத்தைத் தரையில் கோடிட்டே காணலாம். பெரிய சதுரத்திற்குள் உரிய சதுரத்தை ஒரு மூலையோடு பொருந்த வரைந்தால், இரு பக்கங்களில் 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரு கீற்றுகள் மிஞ்சும். ஒவ்வொன்றும் அரைச் சதுர மீட்டர். மூலையில் 10 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள சிறு சதுரம் ஒன்று எஞ்சும். மொத்தம் 1.01 சதுர மீட்டர். உரிய துண்டில் 12.5 கிலோகிராம் நெல் கிடைத்து, விளைச்சல் ஹெக்டேருக்கு 5,000 கிலோகிராம் என்று வரவேண்டிய வயலில், இப்பிழையினால் மட்டும் 5,202 கிலோகிராம் என்று பதிவாகும். விளையாத 202 கிலோகிராம் நெல்லைக் கயிறு விளைவித்துவிட்டது.

இரண்டாவது, கோணத்தில் நேர்வது. நான்கு பக்கமும் சரியாக 5 மீட்டர் இருந்தால் அது சதுரம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் தவறு. மூலைவிட்டங்கள் 6 மீட்டரும் 8 மீட்டரும் உள்ள சாய்சதுரத்தை எடுத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டரே. சுற்றளவும் 20 மீட்டரே. ஆனால் அதன் பரப்பளவு மூலைவிட்டங்களின் பெருக்கத்தில் பாதி, அதாவது 24 சதுர மீட்டர். நாடா எந்தப் பிழையையும் காட்டவில்லை. பதிவேட்டிலும் குறை இல்லை. எனினும் ஒரு சதுர மீட்டர்ப் பயிர் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. சாய்வு மேலும் கூடி, குறுங்கோணம் 60 பாகையாகுமானால் பரப்பு 21.65 சதுர மீட்டராகக் குறையும். சுற்றளவு அப்போதும் 20 மீட்டரே.

மூன்றாவது, எல்லையில் நிற்கும் செடிகளைக் கொள்வதா, தள்ளுவதா என்பதில் நேர்வது. மூன்றினுள்ளும் கொடியது இதுவே. ஒவ்வொரு திசையிலும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்ட வயலில் 5 மீட்டர்ச் சதுரத்திற்குள் 25 வரிசைகள், வரிசைக்கு 25 குத்துகள், ஆக 625 குத்துகள் அடங்கும். முற்றிய கதிர்கள் கயிற்றின் மேல் சாய்ந்து கிடக்கின்றன. வேர் வெளியே, கதிர் உள்ளே. நிறைந்த கதிரை விட்டுவிட அறுப்பவரின் கைக்கு மனம் வருவதில்லை. இரு பக்கங்களில் ஒவ்வொரு வரிசை கூடுதலாக அறுபட்டால், 26-ஐ 26-ஆல் பெருக்க 676 குத்துகள். 51 குத்துகள் மிகை. நூற்றுக்கு 8-க்கு மேல்.

முதலாவது பிழை ஒரு சமயம் மிகையாகவும் ஒரு சமயம் குறையாகவும் நேரக்கூடியது; இரண்டாவது குறையாகவே நேர்வது. பல பரிசோதனைகளின் சராசரியில் முதலாவது பிழை ஓரளவு ஈடாகும். மூன்றாவது அத்தகையதன்று. அது எப்போதும் வெளிப்புறமாகவே சாய்கிறது. சாய்ந்த தராசில் நூறு முறை நிறுத்தாலும் நிறை சரியாவதில்லை. அவ்வாறே பரிசோதனைகளின் எண்ணிக்கையை எவ்வளவு பெருக்கினாலும் இப்பிழை தேய்வதில்லை.

இதன் பணமதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஓர் அலகின் உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 4,000 கிலோகிராம் என்றும், காப்பீட்டுத் தொகை ஹெக்டேருக்கு 80,000 ரூபாய் என்றும் கொள்வோம். வறட்சியினால் மெய்யான விளைச்சல் 3,000 கிலோகிராமாகக் குறைந்தது, துண்டுக்கு 7.5 கிலோகிராம். குறைவு நான்கில் ஒரு பங்கு. உழவருக்கு உரிய இழப்பீடு 20,000 ரூபாய். மேற்கூறிய இரு வரிசைப் பிழை நான்கு துண்டுகளிலும் நேர்ந்தால், துண்டுக்கு 8.11 கிலோகிராம் கிடைக்கும். விளைச்சல் ஏறத்தாழ 3,245 கிலோகிராம் என்று பதிவாகும். இழப்பீடு ஏறத்தாழ 15,100 ரூபாயாகச் சுருங்கும். எவரும் வஞ்சிக்கவில்லை, எவரும் பொய் எழுதவில்லை. கயிற்றின் ஓரத்தில் நின்ற இரு வரிசைகள் ஹெக்டேருக்கு 4,900 ரூபாயை எடுத்துச் சென்றன. மாறாக, துண்டு சாய்சதுரமாகி 24 சதுர மீட்டராகச் சுருங்கினால், உரியதற்கு மேல் இழப்பீடு செல்லும்; அங்கே இழப்பது பொதுப்பணம். எவ்வழியிலும் நீதி தவறுகிறது.

சிறிய சதுரம் ஏன் கூடாது?

துண்டைச் சிறிதாக்கினால் வேலை குறையுமே என்ற எண்ணம் அடிக்கடி எழுகிறது. இதற்குரிய விடை சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள உறவிலேயே அடங்கியிருக்கிறது. 1 மீட்டர்ச் சதுரத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்புக்கு 4 மீட்டர் எல்லை. 2 மீட்டர்ச் சதுரத்தில் 2 மீட்டர் எல்லை. 5 மீட்டர்ச் சதுரத்தில் 80 சென்டிமீட்டர் எல்லை. 10 மீட்டர்ச் சதுரத்தில் 40 சென்டிமீட்டர் மட்டுமே. பக்கம் இரட்டிக்கச் சுற்றளவு இரட்டிக்கிறது. பரப்போ நான்கு மடங்காகிறது. எல்லையில் புகும் பிழையைப் பரப்பு விழுங்கிச் செரிக்க வேண்டுமாயின், பரப்பு எல்லையினும் விரைந்து வளர வேண்டும். மேற்சொன்ன இரு வரிசைப் பிழையையே கொண்டு பார்த்தால், 5 மீட்டர்ச் சதுரத்தில் நூற்றுக்கு 8-ஆக இருந்த மிகை, 2 மீட்டர்ச் சதுரத்தில் 100 குத்துகள் 121 ஆவதால் நூற்றுக்கு 21 ஆகிறது. 1 மீட்டர்ச் சதுரத்தில் 25 குத்துகள் 36 ஆவதால் நூற்றுக்கு 44 ஆகிவிடுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. இந்தியப் புள்ளியியலின் வரலாற்றிலேயே இடம்பெற்ற பெரிய வழக்கு. 1920-களில் பீகார், ஒரிஸ்ஸா பகுதிகளில் ஜே. ஏ. ஹப்பாக் என்னும் ஆட்சிப் பணி அதிகாரி, சிறிய முக்கோணச் சட்டம் ஒன்றை நெல் வயலில் வைத்து விளைச்சலைக் கண்டார். அதன்பின் பி. சி. மகாலனோபிஸும் இந்தியப் புள்ளியியல் கழகத்தினரும் வங்காளத்தில் சிறிய வட்டத் துண்டுகளைக் கையாண்டனர். வேளாண்மை ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த பி. வி. சுகாத்மே பல அளவுத் துண்டுகளை ஒப்பிட்டு, துண்டு சிறுக்கச் சிறுக்க விளைச்சல் உண்மையினும் மிகுந்து காட்டுகிறது என்று 1946-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நன்கு பயின்ற ஊழியரிடம் சிறிய துண்டும் பயன் தரும் என்பது மகாலனோபிஸ் தரப்பின் கொள்கை. பல மாநிலங்களில் பல்லாயிரம் ஊழியர் செய்யும் பணிக்குப் பெரிய துண்டே காப்பு என்பது சுகாத்மே தரப்பின் கொள்கை. இரு மேதைகளின் வாதத்திற்கும் அடியில் இருந்தது சுற்றளவு, பரப்பளவு என்னும் இவ்விரு அளவுகளே.

அவ்வழக்கின் தடங்கள் பின்னரும் மறையவில்லை. மேற்கு வங்காளத்தில் 1.7145 மீட்டர் ஆரமுள்ள வட்டமும், உத்தரப் பிரதேசத்தில் 10 மீட்டர்ப் பக்கமுள்ள சமபக்க முக்கோணமும் வழங்கி வந்துள்ளன. அவ்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 9.23 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1.17 மீட்டர் எல்லை. அம்முக்கோணத்தின் பரப்பு 43.3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 69 சென்டிமீட்டர் எல்லை. சதுரத்தின் 80 சென்டிமீட்டர் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறது. ஒரே பரப்புள்ள வடிவங்களுள் வட்டத்திற்கே எல்லை மிகக் குறைவு. நாற்கரங்களுள் சதுரத்திற்கே குறைவு. 25 சதுர மீட்டரை 25 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள கீற்றாக அளந்தால் எல்லை 52 மீட்டராகிவிடும். சதுரமாக அளந்தால் 20 மீட்டரே. வரிசைப் பயிரில் வளைந்த கோட்டைவிட நேர்கோட்டைக் காப்பது எளிது. எனவே சதுரம் வழக்கின்பாற்பட்டது மட்டுமன்று, காரணத்தின்பாற்பட்டதுமாகும்.

மறுப்புகளும் விடைகளும்

செயற்கைக்கோளும் கைப்பேசியும் வந்துவிட்ட காலத்தில் கயிற்றையும் முளையையும் பற்றி இத்துணை கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். திறந்த வெளியிலும் கைப்பேசியின் இருப்பிடக் குறிப்பு சில மீட்டர் பிழைபடும். துண்டின் பக்கமே 5 மீட்டர் எனும்போது, அக்கருவி வயல் எது என்று சொல்லுமே தவிர, துண்டின் அளவைச் சொல்ல வல்லதன்று. நிழற்படம் நான்கு முளைகளைக் காட்டும்; மூலைகள் செங்கோணமா என்பதைக் காட்டாது. செயற்கைக்கோள் முதலியவற்றைக் கொண்டு விளைச்சலைக் கணிக்கும் முறை 2023 காரீப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் காப்பீட்டுத் திட்டத்தில் புகுத்தப்பட்டு, அதற்குக் குறைந்தது நூற்றுக்கு 30 பங்கு மதிப்பு அளிக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் எஞ்சிய பங்கு வயலில் அறுத்த துண்டையே சார்ந்து நிற்கிறது. அன்றியும், வானிலிருந்து காணும் பசுமையைக் கிலோகிராமாக மாற்றும் கணிப்பு முறைகளைச் சரிபார்ப்பதற்கும் தரையில் கண்ட எடையே வேண்டும். தரையில் கண்டது பிழையானால் வானத்துக் கணிப்பிலும் அது ஏறும்.

ஊழியரின் வேலைச்சுமை இரண்டாவது மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பகுதியில் பயிர் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் முற்றிவிடுகிறது. அதற்குள் ஒரே ஊழியர் பல கிராமங்களுக்குச் செல்லவேண்டியுள்ளது. உழவரோ அறுவடை இயந்திரத்தை வரவழைத்துவிட்டுக் காத்திருக்கிறார். வெயிலில், சேற்றில், உதவிக்கு ஆளின்றி, 25 சதுர மீட்டர்ப் பயிரை அறுத்து அடித்துத் தூற்றுவது எளிய பணியன்று. ஆனால் துண்டைச் சுருக்குவது இச்சுமையின் ஒரு பகுதியைத்தான் நீக்கும். கிராமத்திற்குப் பயணம், வயலைத் தேடுதல், முளை அடித்தல், எடை காணல் ஆகியவை அப்படியே இருக்கும், பிழையோ பெருகும். ஊழியருக்கு உதவி ஆளும், நீளாத நாடாவும், உரிய நேரமும் அளிப்பதே முறை. அவற்றை அளிக்காமல் பிழைக்கு ஊழியரையே குறைகூறுவது மேலிருப்போருக்கு அழகன்று.

பள்ளியில் செய்யவேண்டுவது

இக்குறைகளின் வேர் வகுப்பறையில் இருக்கிறது. இரு விதிகளையும் ஒரே நாளில், ஒரே படத்தின் கீழ், இரட்டையர் போல் எழுதிக் காட்டுவதால், மாணவர் மனத்தில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இதற்கு மேல், எளிமை கருதி 4 அலகுப் பக்கமுள்ள சதுரத்தை முதல் எடுத்துக்காட்டாகக் கொள்வதும் உண்டு. அதில் சுற்றளவும் 16, பரப்பளவும் 16. இரண்டும் ஒன்றே என்று மாணவர் கருதினால் அது அவர்தம் குற்றமன்று. அதே சதுரத்தை மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றினால் சுற்றளவு 1,600 சென்டிமீட்டர் என்றும், பரப்பளவு 1,60,000 சதுர சென்டிமீட்டர் என்றும் பிரிந்துவிடும். எண் ஒத்திருந்தது அலகினால் வந்த தற்செயல் என்பதை அப்போதே காட்டிவிடவேண்டும்.

சுற்றளவை ஒரு நாளும், பரப்பளவைச் சில நாட்கள் கழித்தும் கற்பித்தல் நன்று. முதல் நாள், பள்ளித் தோட்டத்தின் பாத்தியைச் சுற்றி நடந்தும் கயிறு சுற்றியும் சுற்றளவை உணர்த்தலாம். மற்றொரு நாள், ஒரே அளவுள்ள அட்டைச் சதுரங்களைத் தரையில் இடைவெளியின்றிப் பரப்பி, எத்தனை என்று எண்ணச் செய்து பரப்பளவை உணர்த்தலாம். வாய்பாடு அதன்பின் தானே வரும். ஆசிரியர் சொல்லவேண்டியதே இராது.

மூன்றாவது பாடமே முதன்மையானது. 20 மீட்டர்க் கயிறு ஒன்றின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, நான்கு மாணவர்களை மூலைகளில் பிடித்து நிற்கச் செய்யவேண்டும். முதலில் 5-க்கு 5 மீட்டர், பரப்பு 25. பின்னர் 6-க்கு 4, பரப்பு 24. பின்னர் 7-க்கு 3, பரப்பு 21. பின்னர் 8-க்கு 2, பரப்பு 16. இறுதியில் 9-க்கு 1, பரப்பு 9. கயிறு மாறவில்லை, உள்ளே நிற்கக்கூடிய பயிர் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகையாகச் சுருங்கிவிட்டது. அடுத்து, மீண்டும் 5 மீட்டர்ச் சதுரமாக நின்று, எதிரெதிர் மூலைகளில் உள்ள இருவர் மெல்ல விலக, மற்ற இருவர் நெருங்கட்டும். பக்கங்கள் மாறாமலே பரப்பு மறைந்துபோவதை மாணவர் கண்ணாரக் காண்பர். இப்பாடத்திற்குக் கயிற்றைத் தவிர வேறு கருவி வேண்டுவதில்லை.

கயிற்றைக் கொண்டு சதுரம் அமைக்கும் கலை இந்நாட்டிற்குப் புதிதன்று. சுல்ப சூத்திரங்கள் வேள்வி மேடைகளை அளந்து அமைப்பதற்கான விதிகளைக் கூறுவன. சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் அமையும் சதுரம் முதற்சதுரத்தைப் போல் இருமடங்கு பரப்புடையது என்பது போதாயன சுல்ப சூத்திரத்தில் கூறப்பட்டுள்ளது. 5 மீட்டர்ச் சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் அமையும் சதுரம் 50 சதுர மீட்டர். ஆகவே மூலைவிட்டம் 7.07 மீட்டர். பண்டைய வேள்வி மேடைக்கு உதவிய இவ்வுண்மையே இன்று அறுவடைத் துண்டைச் சரிபார்க்கவும் உதவுகிறது.

சொல்லிலும் கருத்து வேண்டும். ‘5 மீட்டர்ச் சதுரம்’ என்பது வேறு, ‘5 சதுர மீட்டர்’ என்பது வேறு. முன்னதன் பரப்பு 25 சதுர மீட்டர். பின்னது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஏட்டில் ஒன்றற்குப் பதில் மற்றொன்று எழுதப்பட்டால், 400-ஆல் பெருக்கவேண்டிய இடத்தில் 2,000-ஆல் பெருக்கும் நிலை வந்துவிடும்.

வயலில் செய்யவேண்டுவது

கள ஊழியருக்கு வேண்டியவை சிலவே. கயிற்றை நம்பாமல், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதனை எஃகு நாடாவோடு ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும். நான்கு பக்கங்களையும் அளந்தபின், இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் 7.07 மீட்டராக இருத்தலைக் கண்ட பின்னரே அரிவாள் எடுக்கவேண்டும். பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால்தான் அது சதுரம். கயிற்றைக் கதிர்களின் மேல் போடாமல், தாள்களை விலக்கித் தரையை ஒட்டி இறுக்கிக் கட்டவேண்டும். செடி எங்கே முளைத்திருக்கிறது என்பதே அளவுகோல். கதிர் எங்கே சாய்ந்திருக்கிறது என்பதன்று. வெளியே வேரூன்றி உள்ளே சாய்ந்த கதிரை விலக்கவேண்டும்; உள்ளே வேரூன்றி வெளியே சாய்ந்த கதிரைத் தேடி எடுக்கவேண்டும். இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் செய்வது, ஒன்றும் செய்யாததினும் தீது.

பயிற்சி முகாம்களை நடத்துவோர் ஒரு மாற்றம் செய்யலாம். படிவங்களையும் செயலிகளையும் விளக்குவதில் ஒரு நாள் செல்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஊழியர் அனைவரையும் வயலுக்கு அழைத்துச் சென்று, தத்தம் கயிற்றால் ஒவ்வொரு சதுரம் அமைக்கச் செய்து, மூலைவிட்டங்களை அளந்து காட்டினால் போதும். பதிவுப் படிவத்திலும் மூலைவிட்ட அளவுகளுக்கு இரு கட்டங்கள் சேர்க்கப்படவேண்டும். எழுதவேண்டிய கட்டம் ஒன்று இருந்தால், அளக்கும் பழக்கம் தானே வரும்.

வகுப்பறையில் இன்று கயிற்றின் மூலையைப் பிடித்து நிற்கும் சிறுவரும் சிறுமியரும் நாளை கள ஊழியராகவோ, கணக்கராகவோ, உழவராகவோ ஆவர். கயிற்றின் நீளமும் அதனுள் அடங்கும் நிலமும் வெவ்வேறு என்பதை அவர்கள் கண்ணால் கண்டறிந்திருந்தால், பிற்காலத்தில் தம் வயலில் முளை அடிப்பவரிடம், ‘மூலைவிட்டம் அளந்தீர்களா?’ என்று கேட்பர். அக்கேள்வி ஒவ்வொரு வயலிலும் எழுமாயின், விளைச்சல் கணக்குகளின் நம்பகம் எந்தப் புதுக் கருவியாலும் கூடுவதைவிடக் கூடுதலாகவே கூடும்.